நாள் தள்ளும் முன்பே ஒரு செக்கப்

வடசென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி என்று எந்தத் தெருவை எடுத்துக்கொண்டாலும், கல்யாணமான மூன்றாவது மாதத்திலிருந்து புதுப்பெண்ணைப் பார்த்து எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "இன்னாம்மா, விசேஷம் எதனா உண்டா?" உண்டு என்று தெரிந்துவிட்டால் அப்புறம் கவனிப்புக்குக் குறைவே இருக்காது. ஏரியா நர்ஸம்மா பிக்மி நம்பர், அதாவது கர்ப்பிணிகளுக்கான அரசுப் பதிவு எண், பதிந்து கொடுப்பார். சத்து மாத்திரை, ஊசி, ஸ்கேன் என்று வரிசையாக நடக்கும். மாமியார் மாதுளை வாங்கிக்கொண்டு வருவார்.

அதற்கு முந்தைய மாதங்களைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. "குழந்தைக்கு முன்னாடியே ஒரு தடவை டாக்டரைப் பார்த்துடுங்க" என்று சொன்னால், சொன்னவர் மீதே கோபம் வருகிறது. நான் ஒரு லேபில் ரத்தம் எடுக்கும் வேலை பார்க்கிறேன். கணவன் மனைவியாக வந்து உட்காருகிறவர்கள் முதலில் சொல்வது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "அக்கா, எங்களுக்கு ஒண்ணும் பிரச்சினை இல்லக்கா. டாக்டரம்மா எழுதிக் குடுத்தாங்க, அதான் வந்தோம்." அந்தக் கூச்சத்துக்குத் தேவையே இல்லை. இந்தப் பரிசோதனை எதற்கு என்று சரியாகத் தெரியாததால் வருவது அது. அதனால் அடிப்படையிலிருந்து சொல்கிறேன்.

## இது எந்தப் பரிசோதனை

குழந்தை பெற்றுக்கொள்ளலாம் என்று முடிவெடுத்த தம்பதி, அதற்குச் சுமார் மூன்று மாதம் முன்பே டாக்டரைப் பார்த்து, உடம்பில் சரிசெய்ய வேண்டியது ஏதாவது இருக்கிறதா என்று தெரிந்துகொள்வதுதான் கருத்தரிப்புக்கு முந்தைய பரிசோதனை. குழந்தை பிறக்குமா, பிறக்காதா என்று பார்ப்பது இதன் வேலை இல்லை. அது குழந்தையின்மைப் பரிசோதனை. ஒரு வருடம் முயன்றும் கரு நிற்காதவர்களுக்கு அதைச் செய்வார்கள். பெண்ணுக்கு 35 வயதைத் தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே பார்க்கச் சொல்வார்கள். விந்தணு எண்ணிக்கை, கருக்குழாய் எக்ஸ்ரே எல்லாம் அந்தக் கணக்கில் வருபவை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான், "கல்யாணமாகி நாலு மாசம்தான் ஆவுது, அதுக்குள்ள ஏன் ஆஸ்பத்திரி?" என்ற பேச்சு வருகிறது.

காசிமேட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்த நாட்களில் அங்கே போய்ப் பார்த்தால், படகைக் கரையேற்றி, அடிப்பாகத்தைச் சுரண்டி, பெயின்ட் அடித்து, இன்ஜினைப் பிரித்து மாட்டிக்கொண்டிருப்பார்கள். ஓரமாக உட்கார்ந்து வலை சரிசெய்வார்கள். அதைப் பார்த்து யாரும் "இந்தப் படகு ஓடாத படகு" என்று சொல்வதில்லை. நன்றாக ஓடுகிற படகைத்தான் கரையில் வைத்துப் பார்க்கிறார்கள், ஏனென்றால் நடுக்கடலில் இன்ஜினைப் பிரிக்க முடியாது. கர்ப்பத்துக்கு முன் செய்கிற செக்கப்பும் இப்படிப்பட்டதுதான்.

சரி, கர்ப்பமான பிறகு எல்லாப் பரிசோதனையும் செய்கிறார்களே, அது போதாதா? போதாது. ஏன் என்பதற்குக் காலண்டரை எடுத்துப் பார்க்க வேண்டும்.

## காலண்டரில் ஒரு கணக்கு

ஒரு பெண்ணுக்குக் கடைசியாக மாதவிலக்கு ஆனது ஜூலை 1 என்று வைத்துக்கொள்வோம். 28 நாளுக்கு ஒருமுறை ஒழுங்காக வருபவர். அவருக்கு ஜூலை 14-ஆம் தேதி வாக்கில் சினைப்பையிலிருந்து கருமுட்டை வெளிவரும். முட்டைக்கு ஆயுள் ஒரு நாளுக்கு மேல் கிடையாது. அந்த ஒரு நாளுக்குள் விந்தணு சேர்ந்தால் கரு உருவாகிறது. அடுத்த மாதவிலக்கு வர வேண்டிய நாள் ஜூலை 29. வரவில்லை.

இப்போது வீட்டில் என்ன சொல்வார்கள்? "அவசரப்படாத. நாப்பத்தஞ்சு நாள் ஆவட்டும், அப்புறம் டாக்டர்கிட்ட போலாம்." ஜூலை 1-லிருந்து எண்ணினால் 45-ஆம் நாள் ஆகஸ்ட் 14.

அந்த இடைவெளியில் உள்ளே நடந்திருப்பதைப் பாருங்கள். கரு உருவாகி ஏறக்குறைய 22-ஆம் நாளில், அதாவது ஆகஸ்ட் 5 வாக்கில், இதயம் துடிக்கத் தொடங்கிவிடும். 28-ஆம் நாளுக்குள், ஆகஸ்ட் 11 வாக்கில், நரம்புக்குழாய் மூடி முடிந்திருக்கும். நரம்புக்குழாய் என்பது கருவின் முதுகுப் பக்கத்தில் ஒரு தட்டையான திசு இரு ஓரமும் மேலெழுந்து, மடிந்து, ஒட்டிக்கொண்டு குழாயாவது. மேல்முனை மூளையாகும், மீதி தண்டுவடமாகும். அது எங்காவது ஓர் இடத்தில் மூடாமல் விட்டுப்போனால் பிற்பாடு மூடாது. கீழே விட்டுப்போனால் முதுகில் திறப்போடு குழந்தை பிறக்கும், கால்கள் செயலிழக்கலாம். மேலே விட்டுப்போனால் மூளையும் மண்டையோடும் சரியாக உருவாகாது, அந்தக் குழந்தை பிழைக்காது.

ஆக, 45 நாள் கழித்து டாக்டர் முன்னால் போய் உட்காரும்போது அந்தக் குழாய் மூடியோ மூடாமலோ ஒரு முடிவுக்கு வந்து மூன்று நாளாகியிருக்கும். கை, கால், கண், காது, இதயத்தின் அறைகள் எல்லாம் கரு உருவான எட்டு வாரத்துக்குள், நம் கணக்கில் செப்டம்பர் 8-க்குள், வடிவம் பெற்றுவிடும். அதற்குப் பிறகு நடப்பது பெரும்பாலும் வளர்ச்சிதான்.

ஒருமுறை தொகுத்துக்கொள்வோம். கர்ப்பம் என்று தெரிவதற்கும் உறுப்புகள் உருவாவதற்கும் நடுவே ஒரு போட்டி நடக்கிறது. அதில் எப்போதும் முந்துவது உறுப்புகள்தான். அந்த நாட்களில் தாயின் ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை இருந்தது, எந்த மாத்திரை ஓடிக்கொண்டிருந்தது, எந்தச் சத்து குறைந்திருந்தது என்பதெல்லாம் குழந்தையைப் பாதிக்கும். அதனால்தான் முன்கூட்டியே பார்க்கச் சொல்கிறோம்.

## ஃபோலிக் ஆசிட்: ஒரு சின்ன மாத்திரை

ஃபோலிக் ஆசிட் என்பது பி வைட்டமின்களில் ஒன்று. ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது மரபுப் பொருளைப் புதிதாகப் படியெடுக்க வேண்டும், அதற்கு இந்த வைட்டமின் தேவை. நரம்புக்குழாய் மூடுகிற அந்தச் சில நாட்களில் செல்கள் படுவேகமாகப் பிரிகின்றன. அப்போது இது குறைந்தால் குழாய் மூடுவது தடைபடலாம்.

இதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. 1991-இல் பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் வெளியிட்ட ஆய்வில், ஏற்கெனவே நரம்புக்குழாய்க் குறைபாடுள்ள குழந்தையைச் சுமந்த பெண்களுக்கு அடுத்த கர்ப்பத்துக்கு முன்பிருந்தே தினமும் 4 மில்லிகிராம் ஃபோலிக் ஆசிட் கொடுத்தார்கள். அதே குறைபாடு மறுபடி வருவது 72 சதவீதம் குறைந்தது. இவ்வளவு மலிவான ஒரு மாத்திரையால் இவ்வளவு பெரிய தடுப்பு கிடைப்பது மருத்துவத்தில் அபூர்வம். எனக்கு மனம் ஆறாத இடமும் இதுதான். மாத்திரை நம் ஊரில் எங்கும் கிடைக்கிறது. ஆனால் பெரும்பாலான பெண்கள் அதை விழுங்க ஆரம்பிப்பது, அது செய்ய வேண்டிய முக்கிய வேலையின் காலம் முடிந்த பிறகு.

முன்பு அப்படிக் குறைபாடு வராத பெண்களுக்குத் தினம் 400 மைக்ரோகிராம் போதும். கர்ப்பத்துக்கு முயல்வதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்து, முடிந்தால் மூன்று மாதம் முன்பிருந்து, கர்ப்பத்தின் 12-ஆம் வாரம் வரை. முன்பு பாதிக்கப்பட்ட குழந்தை பிறந்திருந்தாலோ, சர்க்கரை நோய் இருந்தாலோ, வலிப்புக்கு மாத்திரை எடுத்தாலோ டாக்டர் அதிக அளவு எழுதுவார். மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகக் கேட்டால் பல கடைகளில் 5 மில்லிகிராம் மாத்திரையைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். அது 400 மைக்ரோகிராமைப் போல 12 மடங்குக்கும் மேல். உடம்பில் பி12 வைட்டமின் குறைவாக இருந்தால், அதிக ஃபோலிக் ஆசிட் அந்தக் குறையை வெளியே தெரியாமல் மறைத்துவிடும். சைவம் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு இது முக்கியம். அதனால் அளவை டாக்டர் சொல்லட்டும்.

"தினம் கீரை சாப்பிடுறேனே, பத்தாதா?" என்று கேட்பார்கள். கீரை நல்லது, விடாதீர்கள். ஆனால் அதிலுள்ள ஃபோலேட் வேகவைக்கும்போதே நிறைய அழிந்துவிடும். மாத்திரைக்குப் பதிலாக அதை நம்ப முடியாது.

## அந்த மூன்று டியூபில் என்ன இருக்கிறது

லேபில் கையை நீட்டி உட்கார்ந்தால் ஊசி ஒரே ஊசிதான். ஆனால் ரத்தத்தை மூன்று விதமான டியூபில் பிரித்து எடுப்போம். ஊதா மூடி, சாம்பல் மூடி, மஞ்சள் அல்லது சிவப்பு மூடி. "எதுக்கு இத்தினி எடுக்குறீங்க?" என்று பலர் பயப்படுகிறார்கள். மூன்றும் சேர்ந்தாலும் இரண்டு மூன்று டீஸ்பூன் ரத்தத்துக்கு மேல் வராது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ஊதா மூடிக்குள் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து இருக்கும். இதில் முதலில் பார்ப்பது ஹீமோகுளோபின். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கிற சிவப்புப் பொருள் அது. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஒரு டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது. கர்ப்பத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி கூடும். சிவப்பணுக்கள் அந்த வேகத்துக்குக் கூடாததால் ஹீமோகுளோபின் இயல்பாகவே நீர்த்துப்போகும். 12-இல் தொடங்குகிறவர் அதைத் தாங்கிக்கொள்வார். 9-இல் தொடங்குகிறவர் பிரசவ நேரத்தில் கொஞ்சம் ரத்தம் போனாலே ஆபத்தில் இருப்பார்.

இரும்புச்சத்து மாத்திரையால் இதை ஏற்றலாம், ஆனால் ஒரே வாரத்தில் ஏறாது. அளவு சரியாகி, உடம்பின் இருப்பும் நிரம்ப இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். மாத்திரையை டீயோடு விழுங்கினால் இரும்பு உடம்பில் ஒட்டாது. எலுமிச்சை ஜூஸோ நெல்லிக்காயோ சேர்ந்தால் நன்றாக ஒட்டும். எங்கள் பக்கம் காலையில் டீயும் பொறையும்தான் டிஃபன் என்கிற பெண்கள் நிறைய பேர், அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அதே ஊதா டியூபில் ரத்த வகையும் பார்ப்போம். ஏ, பி, ஓ என்பதோடு பாசிட்டிவா நெகட்டிவா என்பதுதான் இங்கே முக்கியம். தாய் நெகட்டிவ், கணவர் பாசிட்டிவ் என்றால் குழந்தை பாசிட்டிவாக வரலாம். பிரசவத்திலோ கருச்சிதைவிலோ குழந்தையின் ரத்தம் கொஞ்சம் தாயின் ரத்தத்தில் கலந்தால், தாயின் உடம்பு அதை அந்நியமென்று எடுத்துக்கொண்டு எதிர்ப்பொருள் தயாரிக்கும். முதல் குழந்தை பெரும்பாலும் தப்பிவிடும், அடுத்த குழந்தையின் சிவப்பணுக்களை அந்த எதிர்ப்பொருள் தாக்கும். ஆன்டி-டி என்ற ஊசியைக் கர்ப்பத்தின் 28-ஆம் வாரத்திலும், பிரசவமான 72 மணி நேரத்துக்குள்ளும் போட்டால் தடுத்துவிடலாம். "கணவன் மனைவி ரத்த வகை ஒன்றாக இருந்தால் குழந்தைக்கு ஆகாது" என்று ஒரு பேச்சு உலவுகிறது. அது தவறு. இரண்டு பேரும் ஓ பாசிட்டிவ் என்றால் கவலைப்பட ஒன்றும் இல்லை.

சாம்பல் மூடி, சர்க்கரைக்கு. ரத்தத்தைச் சும்மா வைத்திருந்தால் அதிலுள்ள அணுக்களே குளுக்கோஸைத் தின்று அளவைக் குறைத்துவிடும். அதைத் தடுக்கும் மருந்து இந்த டியூபில் இருக்கிறது. இதில் தெரிவது ஊசி போட்ட நேரத்துச் சர்க்கரை மட்டும்தான். மூன்று மாதச் சராசரி தெரிய எச்பிஏ1சி என்ற பரிசோதனையை ஊதா டியூபிலேயே செய்வோம். சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும். அத்தனை நாளும் ரத்தத்தில் ஓடிய சர்க்கரை ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொண்டே வரும், அந்த ஒட்டியிருக்கும் அளவுதான் எச்பிஏ1சி. 6.5 சதவீதமோ மேலோ இருந்தால் சர்க்கரை நோய். முந்தின நாள் பிரியாணி சாப்பிடாமல் வந்தாலும் இதை ஏமாற்ற முடியாது.

இதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தாயின் குளுக்கோஸ் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். தாயின் இன்சுலின் போகாது. முதல் எட்டு வாரத்தில் சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருந்தால் இதயமும் முதுகெலும்பும் கோளாறாக உருவாகும் வாய்ப்பு கூடுகிறது. எச்பிஏ1சி ஏற ஏற அந்த வாய்ப்பும் ஏறும். தமிழ்நாட்டில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்து, 140-ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை என்று முடிவு செய்கிறார்கள். சென்னை மருத்துவர் வீ. சேஷய்யா முன்னெடுத்த அருமையான முறை அது. ஆனால் கர்ப்பத்தில் ஏறுகிற சர்க்கரையைப் பிடிப்பதற்கானது. முன்பே இருந்து, தெரியாமல் இருந்த சர்க்கரையை, உறுப்புகள் உருவாகும் முன் பிடிக்க வேண்டுமென்றால் கர்ப்பத்துக்கு முன்தான் பார்க்க வேண்டும். சர்க்கரை இருக்கும் பெண்கள் எச்பிஏ1சியை 6.5-க்குக் கீழே கொண்டுவந்துவிட்டு முயல்வது நல்லது. 10-க்கு மேல் இருந்தால், குறையும்வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்வார்கள்.

மஞ்சள் மூடியில் ரத்தத்தை உறையவிட்டு, மேலே தெளியும் நீரை எடுப்போம். தைராய்டுக்கு டி.எஸ்.எச். பார்ப்பது இதில்தான். தைராய்டு என்பது கழுத்தில் இருக்கும் சுரப்பி. அது மந்தமானால் மூளை அதை முடுக்கிவிட டி.எஸ்.எச். என்ற ஹார்மோனை அதிகமாக அனுப்பும். அதனால் டி.எஸ்.எச். கூடியிருந்தால் தைராய்டு குறைவு என்று அர்த்தம். பலரும் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். முதல் மூன்று மாதம் குழந்தைக்குச் சொந்தமாகத் தைராய்டு ஹார்மோன் சுரக்காது. மூளை வளர்ச்சிக்குத் தாயிடமிருந்துதான் எடுத்துக்கொள்ளும். ஏற்கெனவே தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் "கர்ப்பத்துக்கு இங்கிலீஷ் மருந்து ஆகாது" என்று அதை நிறுத்தவே கூடாது. அதை வெறும் வயிற்றில் போட வேண்டும், இரும்பு மாத்திரைக்கும் அதற்கும் நாலு மணி நேரம் இடைவெளி வேண்டும்.

அதே டியூபில் ஹெபடைடிஸ் பி, சிபிலிஸ், எச்.ஐ.வி. மூன்றும் பார்க்கப்படும். இது யாருடைய ஒழுக்கத்தையும் சந்தேகிப்பது இல்லை. மூன்றும் தாயிடமிருந்து குழந்தைக்குப் போகக்கூடியவை, மூன்றையும் தடுக்க வழி இருக்கிறது. எச்.ஐ.வி.க்கு அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் இலவசமாக, ரகசியம் காத்துப் பரிசோதிக்கிறார்கள்.

இவற்றோடு பிரஷரும் எடையும் பார்த்தால் உடம்பின் நிலவரம் ஓரளவு கைக்கு வந்துவிடும். சரிசெய்ய மூன்று மாதம் ஏன் கேட்கிறார்கள் என்பதும் இப்போது விளங்கியிருக்கும்: இரும்பு ஏற, எச்பிஏ1சி மாற, இரண்டுக்கும் கிட்டத்தட்ட அவ்வளவு நாள் ஆகிறது.

## முன்னாலேயே போட வேண்டிய தடுப்பூசி

ரூபெல்லா என்பது லேசான காய்ச்சலும் தடிப்புமாக வந்து போகிற ஒரு வைரஸ் நோய். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் பெரிதாக ஒன்றும் செய்யாது. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் வந்தால் குழந்தைக்குக் கண்புரை, காது கேளாமை, இதயக் கோளாறு வரலாம். இதைத் தடுக்கும் எம்.எம்.ஆர். ஊசியில் பலவீனமாக்கப்பட்ட உயிருள்ள வைரஸ் இருப்பதால் கர்ப்பத்தில் போட மாட்டார்கள். முன்பே போட்டுக்கொண்டு, அதன்பின் ஒரு மாதம் கர்ப்பமாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ளவர்களுக்குத் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டார்கள். அப்போது 15 வயதைத் தாண்டியிருந்த பெண்கள்தான் இன்று குழந்தை பெறும் வயதில் இருப்பவர்களில் பெரும்பகுதி. அவர்களுக்கு அந்த ஊசி கிடைத்திருக்காது. சின்னம்மை வராதவர்கள், போடாதவர்கள் அதற்கான ஊசியைப் பற்றியும் இப்போதே கேட்டுக்கொள்ளலாம்; அதற்கும் அதே ஒரு மாதக் கணக்கு.

## வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டைகள்

டாக்டரிடம் போகும்போது, இப்போது எடுக்கிற எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள். பெயர் நினைவில் வைத்துச் சொல்வதைவிட அது நல்லது. வலிப்புக்கான வால்ப்ரோயேட், முகப்பருவுக்கான ஐசோட்ரெடினோயின், பிரஷருக்கான எனலாப்ரில், ராமிப்ரில், டெல்மிசார்டன் வகை மாத்திரைகள் குழந்தையைப் பாதிக்கக்கூடியவை. மாற்று மருந்துகள் இருக்கின்றன. ஆனால் நீங்களாக நிறுத்தினால் வலிப்பு வந்து விழுவதோ, பிரஷர் எகிறுவதோ அதைவிட ஆபத்து. மாற்றுவதை டாக்டர்தான் செய்ய வேண்டும். நாட்டு மருந்துக்கடைப் பொடி, லேகியம் எதையும் மறைக்காதீர்கள்; அவற்றையும் காட்டுங்கள்.

கருத்தடை பற்றி ஒரு வார்த்தை. காப்பர்-டி எடுத்தாலோ மாத்திரையை நிறுத்தினாலோ சீக்கிரமே கரு நிற்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி என்றால், கடைசி ஊசிக்குப் பிறகு ஏழு முதல் பத்து மாதம்வரை ஆகலாம். அது கோளாறு இல்லை.

## சொந்தத்தில் கட்டியவர்களுக்கு

மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று கட்டுகிற வழக்கம் நம்மிடம் இன்னும் நிறைய இருக்கிறது. இதைப் பற்றிப் பேசினால் ஒரு பக்கம் "எங்க பாட்டி காலத்துலேர்ந்து கட்டுறோம், என்ன ஆச்சு?" என்பார்கள், மறு பக்கம் பிறக்கிற குழந்தையெல்லாம் ஊனமாகிவிடும் என்று பயமுறுத்துவார்கள். உண்மை நடுவில் இருக்கிறது.

நம் ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு மரபணுவும் இரண்டு பிரதி இருக்கிறது. ஒன்று அப்பாவிடமிருந்து, ஒன்று அம்மாவிடமிருந்து. சில நோய்கள் இரண்டு பிரதியும் பழுதானால்தான் வரும். ஒரு பிரதி மட்டும் பழுதானவரைக் கடத்தி என்பார்கள். அவருக்கு நோய் இருக்காது, தெரியவும் செய்யாது. கணவன் மனைவி இருவரும் ஒரே பழுதைச் சுமந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு வாய்ப்பு, அதாவது 25 சதவீதம், குழந்தைக்கு நோய் வரும். ஒரே தாத்தா பாட்டியிலிருந்து வந்த இருவரிடம் அதே பழுது இருக்க வாய்ப்பு கூடுதல். மாமன் அத்தை பிள்ளைகள் கட்டிக்கொண்டால் பிறவிக்கோளாறு வாய்ப்பு பொதுவாக உள்ள 2-3 சதவீதத்திலிருந்து ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. அப்போதும் பெரும்பாலான குழந்தைகள் நலமாகத்தான் பிறக்கின்றன. ஆனால் குடும்பத்தில் சிறுவயதிலேயே இறந்த குழந்தை, காது கேளாத குழந்தை, அடிக்கடி ரத்தம் ஏற்றுகிற குழந்தை இருந்தால் அதை டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

ரத்தம் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டிய அந்த நோய் தலசீமியா. இதன் கடத்திகளைக் கண்டுபிடிக்க எச்.பி.எல்.சி. என்ற ரத்தப் பரிசோதனை இருக்கிறது; ஹீமோகுளோபினின் வகைகளைப் பிரித்துக் காட்டும். சொந்தத்தில் கட்டாதவர்களும் கேட்டுச் செய்துகொள்ளலாம். மாதக்கணக்கில் இரும்பு மாத்திரை போட்டும் ஹீமோகுளோபின் ஏறாத பெண்ணுக்கு இதை அவசியம் பார்க்க வேண்டும்.

## மாப்பிள்ளையும் வர வேண்டும்

இதில் எனக்கு உறுதியான கருத்து இருக்கிறது. பெண்ணை மட்டும் மாமியாரோடு அனுப்பிவிட்டுக் கணவர் வேலைக்குப் போய்விடுவது சரியில்லை. ரத்த வகை, தலசீமியா, தொற்றுகள் என்று பாதிப் பரிசோதனைகள் இரண்டு பேருடைய ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அர்த்தமாகும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. ஆணின் உடம்பில் ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறக்குறைய 74 நாள் பிடிக்கிறது. இன்று குட்காவையும் சிகரெட்டையும் சரக்கையும் விட்டால் அதன் பலன் இரண்டரை மூன்று மாதம் கழித்து வரும் விந்தணுவில்தான் தெரியும். விதைப்பை உடம்புக்கு வெளியே தொங்குவதே உடம்புச் சூட்டைவிட இரண்டு மூன்று டிகிரி குளிர்ச்சியாக இருப்பதற்காக. பட்டறை, பாய்லர், ஹோட்டல் அடுப்பு என்று நாள் முழுக்கச் சூட்டில் நிற்பவர்கள், பேட்டரி வேலையில் ஈயத்தைத் தொடுபவர்கள் அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். மணலி, எண்ணூர், கொருக்குப்பேட்டைப் பக்கம் இப்படி வேலை பார்க்கிற பையன்கள் நிறைய பேர், யாரும் அவர்களைக் கேட்பதில்லை.

ஜிம்முக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. உடம்பு ஏற்றுவதற்கு டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால் ஆண்மை கூடும் என்று நினைக்கிறார்கள். நடப்பது நேரெதிர்: வெளியிலிருந்து ஹார்மோன் வருவதைப் பார்த்து மூளை விதைகளுக்குக் கொடுக்கும் உத்தரவை நிறுத்திவிடும், விந்தணு உற்பத்தி சரிந்து சிலருக்கு அடியோடு நின்றே போகும்.

## எங்கே போவது, என்ன கேட்பது

தனியாரிடம்தான் போக வேண்டும் என்று இல்லை. உங்கள் வார்டில் இருக்கும் மாநகராட்சி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் காலையில் போய் ஓ.பி. சீட்டு போடுங்கள். பிரஷர், எடை, ஹீமோகுளோபின், சர்க்கரை அங்கேயே பார்ப்பார்கள். அதற்கு மேல் தேவைப்பட்டால் ஸ்டான்லிக்கோ ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனைக்கோ எழுதிக் கொடுப்பார்கள். "உடம்புக்கு என்ன?" என்று கேட்டால் தயங்காதீர்கள். "குழந்தைக்குப் பிளான் பண்றோம் மேடம், அதுக்கு முன்னாடி செக்கப் பண்ணிக்கணும்" என்று சொன்னால் போதும். பழைய ரிப்போர்ட், முன்பு கலைந்திருந்தால் அதன் விவரம், மாத்திரைக் கவர் கையில் இருக்கட்டும். பல்லில் சொத்தை, ஈறில் வீக்கம் இருந்தால் அதையும் இந்த மாதங்களிலேயே முடித்துக்கொள்ளுங்கள். கர்ப்பத்தில் ஈறு இன்னும் எளிதாக வீங்கும்.

எல்லாம் சரி என்று வந்த பிறகு அடுத்த மாதமே நிற்க வேண்டும் என்று யாரும் நெருக்க வேண்டாம். நல்ல ஆரோக்கியமுள்ள தம்பதிக்கே ஒரு மாதத்தில் கரு நிற்கும் வாய்ப்பு நாலில் ஒன்றுதான். நூற்றுக்கு 80-க்கும் மேற்பட்டவர்களுக்கு ஒரு வருடத்துக்குள் நின்றுவிடும். அதுவரை ஃபோலிக் ஆசிட்டை நிறுத்தாதீர்கள், இரண்டாவது குழந்தைக்கும் இதே கணக்குதான்.

நாள் தள்ளினால் 45 நாள் காத்திருக்க வேண்டாம். அந்த வாரமே வீட்டில் டெஸ்ட் பாருங்கள். தைராய்டு, சர்க்கரை, பிரஷர், வலிப்பு மாத்திரை எடுப்பவர்கள் இரண்டு கோடு தெரிந்த அன்றோ மறுநாளோ டாக்டரைப் பாருங்கள். தைராய்டு மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். மற்றவர்கள் 12 வாரத்துக்குள் பிக்மி பதிவை முடித்துவிடுங்கள். முன்பு எடுத்த ரிப்போர்ட்டுகளை அந்த ஃபைலிலேயே முதல் பக்கத்தில் வையுங்கள். கர்ப்பத்துக்கு முன் ஹீமோகுளோபின் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்று டாக்டர் முதலில் அதைத்தான் திருப்பிப் பார்ப்பார்.